உடைசல்பட்டியின் கடைசிக் காட்சி

ஜூன் 4

சுண்டு,

திரைக்கதை நேற்று கூரியரில் வந்தது. பள்ளியிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் பிரித்தேன். படித்து முடித்ததும் உன்னைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். "எழுது" என்று ஒற்றைச் சொல்லில் செய்தி அனுப்பினாய். சரி. போன் என்றால் உனக்கு வாய் பூட்டிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாததா? ஆனாலும் கூப்பிடுவது அக்காதானே என்று எடுத்திருக்கலாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தம்பி திக்கும்போதெல்லாம் உடைந்து விழுகிற சொற்கள் மாடிப்படிக்கு அடியில் ஓர் ஊராகக் குடியிருக்கின்றன. நாவல் எழுதும்போது எனக்கு அது ஒரு வரி. இதைப் போய்ப் படத்தில் எப்படிக் காட்டுவார்கள் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். நீ காட்டிவிட்டாய். தலை மட்டும் உள்ள சொற்கள் உடம்பைத் தேடிக்கொண்டு சந்து சந்தாக உருண்டு போகிற இடம் நாவலில் இருப்பதைவிட நன்றாக இருக்கிறது. துடைப்பராஜா எல்லாத் துண்டுகளையும் ஒரு மூலைக்குப் பெருக்கித் தள்ளிவிட்டு "குப்பைக்கு என்ன பேச்சு!" என்கிறானே, அது என் வசனம் இல்லை. உன்னுடையது. பொறாமையாக இருந்தது.

அக்காவைத்தான் கொஞ்சம் அதட்டல்காரியாக ஆக்கியிருக்கிறாய். போகட்டும்.

கடைசிக் காட்சியில் தட்டச்சு செய்தவர் தூங்கிவிட்டார் போலிருக்கிறது. பையன் காலைக் கூட்டத்தில் அறிவிப்பு வாசிக்கிற இடத்தில் "வி... வி..." என்று எழுத்துகள் இரண்டிரண்டாக விழுந்திருக்கின்றன. நடுவில் புள்ளிகள் வேறு. சிவப்புப் பேனாவால் திருத்தி, அந்தப் பக்கங்களை மட்டும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். படம் பிடிப்பதற்குள் சரிசெய்யச் சொல்.

படத்தில் தன் வேடத்தை யார் போடுகிறார்கள் என்று அம்மா கேட்கிறாள். நாவலில் அவளுக்கு இருப்பது "கதவைச் சாத்து" என்கிற ஒரு வரி. அதை ஒரு நல்ல நடிகை சொல்ல வேண்டுமாம்.

அக்கா


ஜூன் 11

அக்கா,

பக்கங்கள் கிடைத்தன. கணக்கு நோட்டில் போடுகிற அதே சுழி. ஓரத்தில் "கவனம்" வேறு.

அது தட்டச்சுப் பிழை இல்லை. நான் எழுதியது.

படத்தில் பையன் கடைசியிலும் திக்குகிறான். மற்றதெல்லாம் உன் நாவல்தான். அக்கா உடைசல்பட்டிக்கு இறங்குகிறாள். துடைப்பராஜாவை ஏமாற்றுகிறாள். துண்டுகளை மூட்டை கட்டிக்கொண்டு வருகிறாள். மறுநாள் தம்பி மேடை ஏறுகிறான். "மழை காரணமாக நாளை பள்ளிக்கு" வரை வந்து நிற்கிறான். பள்ளிக்கூடம் காத்திருக்கிறது. அவன் முடிக்கிறான்.

ஏன் என்று கேட்பாய்.

முதல் நாள் கூட்டம். நீளமான மேசை, மேலே சத்தம் போடும் மின்விசிறி, காகிதக் கோப்பைகளில் தேநீர். எல்லோரும் பெயரும் வேலையும் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை. என் பெயரிலேயே நின்றுவிட்டேன். எதிரே தயாரிப்பு மேனேஜர். நல்ல மனிதர். முகம் மலர்ந்துபோனார்.

"சார்! அந்தப் பையன் நீங்கதானா? எங்க வீட்டுல அந்தப் புக்கு கிழிஞ்சு தொங்குது சார்!"

பிறகு கொஞ்சம் யோசித்தார்.

"ஆனா கதையில சரியாயிடுச்சே சார்?"

யாரோ மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தார்கள். நான் சிரித்தேன். அன்றிலிருந்து தேநீர் எனக்குத்தான் முதலில் வருகிறது.

இந்தக் கேள்வி எனக்குப் புதிது இல்லை. கல்லூரியில் கேட்டார்கள். பல் டாக்டர் என் வாய்க்குள் கையை வைத்துக்கொண்டு கேட்டார். புத்தகத்தில் நான் குணமானவன். வெளியே வந்து ஒவ்வொருவரையும் ஏமாற்றுகிறேன்.

டைரக்டருக்கு என் முடிவு பிடித்திருக்கிறது. தயாரிப்பாளருக்குப் பிடிக்கவில்லை. "குடும்பத்தோட வர்றவங்க கண்ணைத் தொடச்சிக்கிட்டு சிரிச்சிக்கிட்டே போகணும் தம்பி" என்கிறார். அவரைச் சமாளித்துவிடலாம். உன்னைத்தான் முடியாது. கடைசி அத்தியாயம் மாறக் கூடாது என்று ஒப்பந்தத்தில் நீ கேட்டு வாங்கிய நிபந்தனை இருக்கிறது.

அதை விட்டுக்கொடு.

தம்பி

அம்மாவிடம் சொல், "கதவைச் சாத்து" இப்போது இரண்டு முறை வருகிறது.


ஜூன் 19

சுண்டு,

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே வேதியியல் டீச்சர். "என்ன, லவ் லெட்டரா?" என்றாள். தம்பிக்கு என்றேன். "அப்ப சண்டை லெட்டர்" என்றாள். ஆமாம்.

நிபந்தனையை விட்டுக்கொடு என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். உப்புப் போட்டாயா என்று கேட்கிற மாதிரி. அந்த நிபந்தனையை நான் யாருக்காகக் கேட்டேன் என்று நினைக்கிறாய்? சினிமாக்காரர்கள் கடைசியில் ஒரு சண்டையை வைத்து, துடைப்பராஜாவைக் குன்றிலிருந்து உருட்டிவிடுவார்கள் என்று பயந்தேன். என் வீட்டுக்குள்ளிருந்தே ஒருவன் வருவான் என்று நினைக்கவில்லை.

நீ மறந்திருக்க மாட்டாய். ஒன்பதாம் வகுப்பு. அறிவிப்பு வாசிக்கிற முறை உனக்கு வந்தது. "மழை காரணமாக நாளை பள்ளிக்கு விடுமுறை." கடைசிச் சொல்லில் நின்றாய். தலைமையாசிரியர் உன் கையிலிருந்து தாளை வாங்கிப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தார். அவன் சொன்னான், பள்ளிக்கூடமே கத்தியது. உன் வகுப்புப் பையன் ஒருவன் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை. ஈரச் சட்டையோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாய். துண்டை நீட்டினேன். வாங்கவில்லை.

அந்த வாரம்தான் எழுதத் தொடங்கினேன். அன்று நடக்காததைப் புத்தகத்திலாவது நடத்தி வைக்க வேண்டும் என்று. அக்கா என்று ஒருத்தி வேறு எதற்கு இருக்கிறாள்?

இன்னொன்று. எனக்கு வருகிற கடிதங்களில் பாதி திக்குகிற பிள்ளைகளிடமிருந்து. சென்ற வாரம் ஒரு பெண் எழுதியிருக்கிறாள். கடைசி அத்தியாயத்தை மட்டும் தினமும் படித்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறாளாம். அவளிடம் போய், இல்லை கண்ணே, உனக்கும் சரியாகாது, வீட்டுக்குப் போ என்று சொல்லச் சொல்கிறாயா?

முடியாது.

அக்கா


ஜூலை 2

அக்கா,

அந்தப் பெண் தினமும் படிக்கிறாள் என்றால், தினமும் சரியாகவில்லை என்று அர்த்தம்.

இதைக் கடுமையாகச் சொல்லவில்லை. நானும் படித்திருக்கிறேன். அதே அத்தியாயம்.

வேலைச் செய்தி. பையனாக நடிக்க ஒருவனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கெட்டிக்காரன். கொட்டுகிற குழாய் மாதிரிப் பேசுகிறான். அவனுக்குத் திக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். டைரக்டர் என்னைப் பார்த்தார். அறையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள்.

கற்றுக்கொடுக்கிறேன். ஒத்திகை அறை. ஒரு நிலைக்கண்ணாடி, சுருட்டி வைத்த பாய்கள், இரண்டு நாற்காலி. முதல் நாள் அவன் "ப-ப-ப-பால்" என்று மெஷின் மாதிரிச் சொன்னான். காமெடி நடிகர்களிடம் கற்றது. அப்படி இல்லை என்றேன். சொல் வருவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். தூரத்தில் ஒரு பள்ளம் தெரிகிற மாதிரி. சுற்றிப் போகப் பார்ப்பாய். பால் என்று சொல்ல வேண்டாம், "டீ போடுறதுல ஊத்துவீங்களே, அது" என்பாய். கடைக்காரர் சிரிப்பார். நீயும் சிரிப்பாய். அவர் கொடுத்துவிடுவார். வேலை முடிந்தது. பால் மட்டும் சொல்லப்படாமல் வாயிலேயே இருக்கும்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நீங்க நிக்கிறதுக்கு முன்னாடி உங்க கால் கட்டைவிரல் மடங்குதுண்ணே."

குனிந்து பார்த்தேன். மடங்கியிருந்தது. எத்தனை வருஷமாக இப்படியோ.

"அப்பறம், எதிர்ல நிக்கிறவங்க வாயையே பாக்கறீங்க. அவங்க சொல்லிடுவாங்கன்னு பயந்து."

அது என்னவோ அவனுக்கு உடனே வந்துவிட்டது.

நீ கேட்டபடி கடைசிக் காட்சியை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன். பையன் மடமடவென்று வாசிக்கிறான், பிள்ளைகள் கத்துகிறார்கள். ஆறு வரி. ஒரு நாள் முழுக்க ஆனது. படத்தில் என் பெயர் போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். கோபம் இல்லை. அந்த ஆறு வரிக்கு மேலே என் பெயர் இருந்தால், மறுபடி யாராவது கேட்பார்கள்.

தம்பி


ஜூலை 8

இது மிரட்டல். நீ எப்படி எழுதினாலும் மிரட்டல்தான். பெயர் வேண்டாமாம். உன் முதல் படம். டிவி சீரியலில் எவனுக்கோ வசனம் எழுதிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு வழி திறக்கட்டும் என்றுதான் நான் இந்தப் படத்துக்கே சம்மதித்தேன். "என் தம்பி எழுதினால் தருகிறேன்" என்று அந்தத் தயாரிப்பாளரிடம் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். அதற்கு இதுதான் கிடைத்தது.

ஜூலை 10

மேலே இருப்பதைக் கிழிக்காமல் விட்டிருக்கிறேன். அதுவும் நான்தான்.

உன் மாமாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "நாவல் எழுதும்போது அவன்கிட்ட கேட்டியா?"

"அவன் சின்னப் பையன். என்ன கேட்கிறது?"

"இப்ப பெரியவனாயிட்டானே."

எனக்குக் கோபம் வந்து, பிறந்ததிலிருந்து அவனுக்கு என்ன வேண்டும் என்று அவன் சொல்வதற்கு முன்னால் எனக்குத் தெரியும் என்று கத்தினேன். சமையலறையிலிருந்து அம்மா சொன்னாள். "அதாண்டி. அவனைச் சொல்லவே விட்டதில்ல நீ."

அம்மா யார் பக்கம் என்று எனக்கு இதுவரை புரிந்ததில்லை.

பெயரை எடுக்காதே. இதற்கு மட்டும் பதில் எழுது.

அக்கா


ஜூலை 20

அக்கா,

பெயரைப் பற்றிப் பிறகு.

இங்கே ஒரு சிக்கல். நடிக்கிற பையனின் அம்மா திங்கட்கிழமை அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கண்ணெல்லாம் சிவந்து. பையன் வீட்டிலும் திக்குகிறானாம். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு "த... த..." என்கிறானாம். தண்ணீரைக் கொடுத்தால் அதில்லை என்று தலையாட்டுகிறானாம். இரண்டு நாளாக அவர் அழுதுகொண்டிருக்கிறார். மேனேஜர் அவரை நேரே என் அறைக்கு அனுப்பிவிட்டார்.

"சார், இது ஒட்டிக்குமா சார்?"

அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். நான்தான் சொல்ல வேண்டும். வாயால்.

தொடங்கினேன். முதல் சொல்லிலேயே பள்ளம். அந்த அம்மா என் வாயைப் பார்க்கவில்லை. என் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். பயத்தில் அப்படி நின்றாரோ என்னவோ. ஆனால் நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, தாழ்வாரத்தில் யாரோ நாற்காலிகளை இழுத்து அடுக்கி முடித்துவிட்டார்கள். நான் சொன்னது இதுதான். "ஒட்டாதுங்க. ஒட்டுறதா இருந்தா முதல்ல எங்க அக்காவுக்கு ஒட்டியிருக்கணும். அது ஒரு சொல்லைக்கூடக் கீழ போட்டதில்ல."

அவர் சிரித்துவிட்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டே.

பிறகு பையனைத் தனியாகப் பிடித்தேன். வீட்டில் எதற்கு நடிக்கிறாய் என்றேன்.

"பிராக்டிஸ்தாண்ணே. அப்பறம் இப்படிப் பேசினா கடைக்குப் போகச் சொல்ல மாட்டேங்கறாங்க. அது நல்லாருக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா யாரும் எதுவும் கேக்கவும் மாட்டேங்கறாங்கண்ணே. அது நல்லால்ல."

நிறுத்திவிட்டான். குழாய் மறுபடி கொட்டுகிறது.

நேற்று புதிய ஆறு வரியை அவனிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தான், பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று.

"கடைசியில நான் ஏன் திடீர்னு நல்லாப் பேசறேன்?"

அக்கா துண்டுகளைக் கொண்டு வந்துவிட்டாள் அல்லவா என்றேன்.

"அது அக்கா பண்ணது. நான் என்ன பண்ணேன்?"

எனக்குத் தெரியாது, எழுதியவரைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

"கேட்டுச் சொல்லுங்கண்ணே. தெரியாம எப்படி நடிக்கிறது?"

கேட்கிறேன்.

தம்பி


ஜூலை 27

சுண்டு,

உன் கேள்வியை ஒரு வாரமாகத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். பத்தாம் வகுப்பில் சமன்பாடு போட்டுக்கொண்டிருந்தபோது பாதியில் நின்றுவிட்டேன். பிள்ளைகள் எனக்கு அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தார்கள். எரிச்சலாக இருந்தது. எனக்கு அந்த வரி தெரியும். சொல்வதற்குள் என்ன அவசரம்?

அந்தப் பையனிடம் சொல்: எழுதியவளுக்குத் தெரியவில்லை.

நாவலை எடுத்துப் பார்த்தேன். கடைசி அத்தியாயத்தில் தம்பிக்கு வேலையே இல்லை. அக்கா மூட்டையை அவிழ்க்கிறாள், துண்டுகள் பறந்து போய் அவன் வாயில் சேர்கின்றன. அவன் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான். இத்தனை பதிப்பு வந்துவிட்டது. இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நல்ல புத்தகம்தான். இப்போதும் சொல்கிறேன், நல்ல புத்தகம். ஆனால் அவன் வாயைத் திறந்துகொண்டுதான் நிற்கிறான்.

இதனால் நான் ஒத்துக்கொண்டுவிட்டேன் என்று எண்ணாதே. எனக்குக் கடிதம் எழுதுகிற பிள்ளைகள் அப்படியேதான் இருக்கிறார்கள். இரண்டு விதமாகவும் எடுக்கட்டும். உன்னுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. டைரக்டருக்கு எழுதிவிட்டேன். நானும் வருகிறேன். பார்த்த பிறகு சொல்கிறேன் எது என்று.

அக்கா


ஆகஸ்ட் 5

அக்கா,

வா. நல்ல செருப்பு வேண்டாம். செயற்கை மழை, மைதானம் முழுக்கச் சேறு. மானிட்டர் பக்கத்தில் உனக்கு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். "ஆக்‌ஷன்" என்ற பிறகு தும்மக்கூடக் கூடாது. ஒலிப்பதிவாளர் கோபக்காரர்.

தம்பி


ஆகஸ்ட் 14

சுண்டு,

பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடும்.

சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். மேனேஜர் பின்னாலேயே ஓடி வந்து "மேடம், சாப்பாடு" என்றார். சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

நடந்ததை நீ பார்த்தாய். ஆனாலும் என் பக்கத்திலிருந்து எழுதிவிடுகிறேன்.

முதலில் என் முடிவை எடுத்தார்கள். பையன் மடமடவென்று வாசித்தான். பிள்ளைகள் கத்தினார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. டைரக்டர் என்னைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று தலையசைத்தேன். விளம்பரப் படம் மாதிரி இருந்தது. அதைச் சொல்லவில்லை.

பிறகு உன்னுடையது. பிள்ளைகள் மறுபடி வரிசையில் நின்றார்கள். சீருடை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. பையன் மேடை ஏறி, தாளைப் பிடித்தான். "மழை காரணமாக நாளை பள்ளிக்கு." நின்றான்.

அது நடிப்பு என்று எனக்குத் தெரியும். மானிட்டரில் அவன் முகம் மட்டும். பிறகு அவன் கால் கட்டைவிரலைப் பார்த்தேன், மானிட்டரில் இல்லை, நேரே. மேடையின் மேலே, துணி ஷூவின் முனை புடைத்தது. யாருக்கும் தெரியாத இடத்தில்கூட அவன் அதைச் செய்துகொண்டிருந்தான். மழை பெய்துகொண்டே இருந்தது. அவன் உதடு "வி"யில் நின்றது. விடவில்லை. அங்கே நிற்பது யார் என்பது எனக்கு மறந்துபோயிற்று.

"விடுமுறை!"

நான்தான் சொன்னேன். சின்னக் குரலில்கூட இல்லை. வகுப்பறைக் குரலில்.

ஒலிப்பதிவாளர் காதிலிருந்ததைப் பிடுங்கி எறிந்தார். முன்னால் நின்ற உதவி டைரக்டர்கள் எல்லோரும் திரும்பினார்கள். நீ மட்டும் திரும்பவில்லை. உன் முதுகு அப்படியே இருந்தது. இந்த அறுபது பேரில் இதை எதிர்பார்த்தவன் நீ ஒருவன்தான் என்று புரிந்தது.

அதற்குப் பிறகு நான் எதையும் பார்க்கவில்லை. எழுந்து நடந்துவிட்டேன். மன்னிப்பு என்று எழுத ஆரம்பித்து இரண்டு முறை அடித்துவிட்டேன். எதற்கு என்று தொடங்கினால் பஸ் ஊர் போய்ச் சேர்ந்துவிடும்.

நிபந்தனையை விட்டுவிட்டேன். உன் விருப்பப்படி முடித்துக்கொள். மறுபடி எடுக்கும்போது நான் அந்தப் பக்கமே வர மாட்டேன்.

அக்கா


செப்டம்பர் 1

அக்கா,

நீ போன பிறகு நடந்தது.

டைரக்டர் "கட்" சொல்லவில்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பையன் தலையைத் திருப்பி, குரல் வந்த திசையைப் பார்த்தான். அதை நான் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு கணம் வெறும் பையனாக இருந்தான், நடிகன் இல்லை. முகம் சிவந்தது. பிறகு தாளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "மழை காரணமாக" என்று முதலிலிருந்து தொடங்கினான். மறுபடி அதே இடத்தில் நின்றான். இந்த முறை இன்னும் நீளமாக. வேண்டுமென்றே என்று நினைக்கிறேன். பிறகு சொன்னான். துண்டு துண்டாக. வி. விடு. விடுமுறை.

பிள்ளைகள் கத்தினார்கள். கத்தச் சொல்லி யாரும் சைகை காட்டவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே லீவு விட்ட மாதிரி.

மூன்று தடவை மறுபடி எடுத்தோம், உன் குரல் இல்லாமல். எல்லாம் சரியாக வந்தன. நேற்று எடிட்டிங் அறையில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தோம். டைரக்டர் நீ கெடுத்ததைத்தான் தேர்ந்தெடுத்தார். தயாரிப்பாளரும் அதைத்தான் கேட்கிறார். உன் குரல் வருகிற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார், பையன் முதலிலிருந்து தொடங்கியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் குரல் யாருதுன்னு படத்துல சொல்லணுமா?" என்று கேட்டார். டைரக்டர் சொன்னார், "வேணாம் சார். எல்லாருக்கும் தெரியும். எல்லா வீட்டுலயும் ஒருத்தர் இருக்காங்க."

ஒலிப்பதிவாளருக்குத்தான் மனசு ஆறவில்லை. கரகரப்பாக இருக்கிறதாம், வேறு யாரையாவது வைத்துச் சுத்தமாகப் பேசவைக்கிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். அந்த "வேண்டாம்" சொல்வதற்குக் கொஞ்சம் நேரம் ஆனது. காத்திருந்தார்.

எனவே கேட்கிறேன். உன் குரல் படத்தில் இருக்கலாமா? உன் நாவல் அப்படி முடியவில்லை. நான் எழுதியதும் அப்படி முடியவில்லை. இது உனக்குப் பெருமையான இடம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஊர் முழுக்கத் திரையரங்கில் கேட்கும். நீ வேண்டாம் என்றால் மற்ற மூன்றில் ஒன்றைப் போட்டுக்கொள்வோம். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

இந்த முறை நீ சொல்கிற வரை நான் எதுவும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

தம்பி

பெயரைப் போடச் சொல்லிவிட்டேன்.


செப்டம்பர் 9

இருக்கட்டும்.

கரகரப்புக்குத் தொண்டைக் கோளாறு காரணம் இல்லை. அன்று காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அந்த ஒலிப்பதிவாளரிடம் சொல்.

அக்கா


டிசம்பர் 12

சுண்டு,

படம் பார்த்தாயிற்று. நீ வரமாட்டாய் என்று தெரிந்தே உனக்கும் ஒரு இருக்கை பிடித்து வைத்திருந்தேன். அதில் அம்மா கைப்பையை வைத்துக்கொண்டாள். தன் வேடத்தில் நடித்தவள் ஒல்லி என்று இடைவேளை வரை குறைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அரங்கு நிறையப் பிள்ளைகள். துடைப்பராஜா வந்தபோது பின்வரிசையில் ஒரு குழந்தை அழுது, தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். தலை மட்டும் உள்ள சொற்கள் உருண்டபோது ஒருவன் இருக்கையிலிருந்து தானும் உருண்டான். உன் பெயர் வந்தபோது உன் மாமா கை தட்டினார், தனியாக. நானும் தட்டினேன்.

கடிதம் எழுதுகிற அந்தப் பெண்ணுக்கு நானே இரண்டு சீட்டு அனுப்பியிருந்தேன். வந்தாளா தெரியாது. முகம் தெரியாது எனக்கு. அவள் எந்த வரிசையில் இருக்கிறாள் என்று படம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன். ஏமாற்றம் அடைவாளோ என்கிற பயம் இன்னும் போகவில்லை. அவளிடமிருந்து கடிதம் வந்தால்தான் தெரியும். வராமலும் போகலாம்.

கடைசிக் காட்சி வந்தது. மழை. மேடை. பையன் நின்றான். எனக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும், ஆனாலும் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கரகரத்த குரல் அரங்கின் நாலு பக்கத்திலிருந்தும் வந்தது. சுண்டு, அது எவ்வளவு சத்தம்! எனக்கு இதுவரை தெரியாது. நீ இதையா இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாய்?

சிலர் சிரித்தார்கள். எனக்கு நேர் முன்னால் ஒரு சிறுமி, இரட்டைச் சடை, காலை மடக்கி இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தாள். கோபமாக எழுந்து நின்றுவிட்டாள்.

"யாரது நடுவுல? அவனே சொல்லுவான்ல!"

அவள் அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஷ், உக்காரு. பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது பாரு."

சிறுமி திரும்பி என்னைப் பார்த்தாள். பரவாயில்லை என்று தலையசைத்தேன். உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள். பையன் சொல்லி முடிக்கிற வரைக்கும் எனக்குத் திரை தெரியவில்லை. காதால் மட்டும் கேட்டேன்.

அக்கா